முந்தி வரும் வசந்தம்: இங்கிலாந்துக் கிராமத் தோட்டத்தில் பூவும் பறவையும் தடம் பிரிவது ஏன்?

2025ஆம் ஆண்டின் வசந்த காலம், பிரிட்டனில் பதிவேடுகள் தொடங்கிய காலம் முதல் கண்டிராத அளவு வெப்பமாகவும் வெயில் மிகுந்ததாகவும் இருந்தது என்று அந்நாட்டு வானிலைத் துறை அறிவித்தது. அதற்கு முந்தைய 2024ஆம் ஆண்டு வசந்தமும் அதுவரை இருந்த வெப்பச் சாதனையை முறியடித்திருந்தது. ஆண்டில் பாதி நாள் குளிரும் மூட்டமுமாகக் கழியும் நாட்டில் வெயில் கூடுதலாக அடித்து, பூக்கள் சில வாரங்கள் முன்னதாகவே மலர்ந்தால் அது நல்லதுதானே, அதற்கு ஏன் பறவையியலாளர்கள் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி செய்தியைப் படிக்கும் எவருக்கும் எழும். வசந்தம் ஒட்டுமொத்தமாக இரண்டு வாரம் முன்னால் நகர்ந்திருந்தால் கவலைப்பட அதிகம் இருந்திருக்காது. அது அப்படி ஒரே துண்டாக நகர்வதில்லை. தோட்டத்தில் வாழும் ஒவ்வோர் உயிரும் வசந்தம் வந்துவிட்டதா என்பதைத் தனக்கே உரிய அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்கிறது; அந்த அடையாளங்களில் சில மாறிவிட்டன, சில மாறவே இல்லை. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதை விளக்க, தென் இங்கிலாந்தின் கிராமத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வீட்டின் பின்னால் கொஞ்சம் புல்வெளி, ஒன்றிரண்டு ஆப்பிள் மரங்கள், எல்லையில் முட்செடிகளால் ஆன உயிர்வேலி, வேலிக்கு அப்பால் ஓக் மரங்கள் நிற்கும் சிறு காடு என்பது அங்கே பரவலாகக் காணக்கூடிய அமைப்பு.

அந்த வசந்தமும் நம் இளவேனிலும்

தமிழ் மரபில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். அது வெயில் ஏறும் காலம். இங்கிலாந்தின் வானிலைக் கணக்கில் வசந்தம் மார்ச் முதல் தேதி தொடங்கி மே இறுதியில் முடிகிறது; அது உறக்கத்திலிருந்து நிலம் எழும் காலம். இரண்டையும் 'வசந்தம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால் ஏற்படும் குழப்பத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும்.

வேறுபாடு குளிரில் மட்டும் இல்லை. பகலின் நீளத்திலும் இருக்கிறது. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. லண்டனிலோ டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூன் இறுதியில் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல். மார்ச் மாதத்தில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறக்குறைய நான்கு நிமிடம் நீள்கிறது. ஒரு வாரத்தில் இது அரை மணி நேரத்தை நெருங்குகிறது. இவ்வளவு பெரிய மாற்றம் ஆண்டுதோறும் தவறாமல் நிகழும் நிலத்தில், பகலின் நீளமே நம்பத்தகுந்த நாட்காட்டியாகிவிடுகிறது. நம் ஊர் உயிரினங்களுக்கு மழை எப்படியோ, அங்குள்ளவற்றுக்குப் பகற்பொழுது அப்படி.

உயிர்கள் போடும் மூன்று கணக்குகள்

செடிகளும் விலங்குகளும் ஆண்டின் எந்தக் கட்டத்தில் பூக்கின்றன, முட்டையிடுகின்றன, வலசை வருகின்றன என்பதை ஆராயும் துறைக்கு ஃபினாலஜி என்று பெயர். பருவ நிகழ்வியல் என்று தமிழில் சொல்லலாம். அத்துறை காட்டும் அடையாளங்களைச் சுருக்கினால் மூன்று கணக்குகள் கிடைக்கின்றன.

1. குளிர்க் கணக்கு. குளிர் நாட்டுச் செடிகள் பலவற்றில் பூ மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறக்கத்தில் கிடக்கும். போதிய நாள் குளிரைக் கடந்தால்தான் அந்த உறக்கம் கலையும். டியூலிப்பின் குமிழ்க்கிழங்குக்குச் சுமார் 12 முதல் 16 வாரக் குளிர் தேவைப்படுகிறது. வெப்ப நாடுகளில் அதை நட்டு ஒவ்வோர் ஆண்டும் பூக்கவைக்க முடியாததற்குக் காரணம் இதுவே. ஆப்பிள் விவசாயிகள் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழ் கழிந்த மணி நேரங்களை எண்ணிக் கணக்கு வைக்கிறார்கள். ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்தவுடன் மொட்டு ஏமாந்து விரிந்துவிடாமல் காக்கும் பூட்டு இது.

2. வெப்பக் கணக்கு. குளிர்ப் பூட்டு திறந்த பிறகு, செடி வெப்பத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்கிறது. எடுத்துக்காட்டாக, 5 டிகிரியை அடிமட்டமாக வைத்துக்கொண்டால், சராசரி 9 டிகிரி உள்ள ஒரு நாள் நான்கு அலகைச் சேர்க்கும். 4 டிகிரி உள்ள நாள் எதையும் சேர்க்காது. குறிப்பிட்ட தொகை நிறைந்ததும் மொட்டு விரியும். பூச்சி முட்டைகள் பொரிவதும் பெரும்பாலும் இக்கணக்கின்படியே. வெயில் கூடினால் தொகை விரைவில் நிறைகிறது.

3. பகற்பொழுதுக் கணக்கு. பறவைகள் முக்கியமாகச் சார்ந்திருப்பது இதை. பறவையின் கண்ணைத் தவிர மூளையின் ஆழத்திலும் ஒளியை உணரும் செல்கள் உள்ளன. மெல்லிய மண்டையோட்டை ஊடுருவி வரும் ஒளியே அவற்றுக்குப் போதும். பகல் நீளத் தொடங்கியதும் அவை தூண்டப்பட்டு, இனப்பெருக்கச் சுரப்புகள் சுரக்கின்றன. குளிர்காலத்தில் சுருங்கிக் கிடந்த விந்தகம் பல நூறு மடங்கு பருக்கிறது. குளிர் குறையாத ஜனவரியின் தெளிந்த காலை ஒன்றில் அங்குள்ள பட்டாணிக் குருவி (கிரேட் டிட்) 'டீச்சர், டீச்சர்' என்று ஒலிப்பதுபோல் இரண்டு சுருதியில் பாடத் தொடங்குவதற்குக் காரணம் வெயில் அன்று, நீளும் பகலே.

வெப்பக் கணக்கு காலநிலையோடு மாறும். பகற்பொழுதுக் கணக்கு மாறாது. ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் மார்ச் 20ஆம் தேதியின் பகல் நீளம் அநேகமாக அப்படியேதான் இருக்கும். வெப்பத்தை நம்பும் உயிரும் பகலை நம்பும் உயிரும் ஒன்றையொன்று சார்ந்து வாழும்போது, ஒன்று முன்னேறினால் மற்றது பின்தங்கிவிடுகிறது.

தோட்டத்தின் பூ வரிசை

முதலில் வருவது ஸ்னோடிராப். ஜனவரி இறுதியிலேயே உறைந்த மண்ணைக் கூர்மையான இலை நுனியால் துளைத்துக்கொண்டு மேலெழும். தலை கவிழ்ந்த வெண்ணிறப் பூ. உள் இதழ்களின் நுனியில் பச்சைக் குறி. இங்கிலாந்தின் அடையாளமாகவே கருதப்படும் இப்பூ, பதினாறாம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவின் வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டதாக இருக்கலாம் என்பது தாவரவியலாளர் கருத்து.

அடுத்து வரும் பிரிம்ரோஸ் சற்று நின்று பார்க்க வேண்டிய பூ. வெளிர் மஞ்சள் நிறத்தில் வேலியோரச் சரிவில் கொத்தாகப் பூக்கும். அருகருகே இருக்கும் இரண்டு செடிகளின் பூக்களை எடுத்து நடுத் துளையை உற்று நோக்கினால், ஒன்றின் வாயில் குண்டூசித் தலைபோலப் பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். மற்றொன்றில் அதற்குப் பதிலாக மகரந்தப் பைகள் வட்டமாக நிற்கும். முதல் வகையில் சூலகமுடி (மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனி, அந்தப் பச்சைப் புள்ளி) மேலும் மகரந்தம் கீழும் உள்ளன. இரண்டாம் வகையில் அது தலைகீழ். ஒரு வகையின் உள்ளே நீட்டிய பூச்சியின் உறிஞ்சுகுழலில் மகரந்தம் எந்த உயரத்தில் ஒட்டுகிறதோ, அந்த உயரத்தில்தான் மற்ற வகையின் சூலகமுடி காத்திருக்கிறது. ஒரே செடிக்குள் கலப்பு நிகழாமல் தடுக்கும் இந்த ஏற்பாட்டைச் சார்லஸ் டார்வின் 1862இல் விளக்கினார். இங்கே நமக்கு முக்கியமானது என்னவென்றால், இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு பூச்சி வருவதை நம்பியிருக்கிறது. பூ முந்திவிட்டு நீண்ட நாக்குள்ள தேனீக்கள் வெளிவராமல் இருந்தால், பூவின் அத்தனை நுட்பமும் பயனற்றுப் போகும்.

வேலியில் இரண்டு முட்செடிகள் இருக்கும். பிளாக்தோர்ன் இலை வருவதற்கு முன்பே கறுத்த கிளை முழுதும் வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூக்கும் நாட்களில் மீண்டும் குளிர் திரும்பும் என்பது கிராமத்தார் அனுபவம். அதற்குப் 'பிளாக்தோர்ன் குளிர்காலம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஹாதோர்ன் முதலில் இலைவிட்டுப் பிறகு பூக்கும். அதன் பூவுக்கே 'மே' என்று பெயர். 1752இல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியபோது மே மாதம் முதல் நாள் முன்னால் நகர்ந்துவிட்டதால், அந்த நாளில் ஹாதோர்ன் பூத்திருப்பது அரிதாயிற்று. இப்போதோ தென் பகுதிகளில் ஏப்ரலிலேயே பூத்த வேலிகளைக் காண்பது வியப்பில்லை. சட்டம் போட்டு நகர்த்திய நாட்காட்டியைச் செடி தானாகவே எட்டிப் பிடித்துவிட்டது.

ஏப்ரல் இறுதியில் காட்டுத் தரை முழுதும் நீலமாகும். அது புளூபெல். உலகிலுள்ள புளூபெல்களில் ஏறத்தாழப் பாதி பிரிட்டனில்தான் இருக்கின்றன. மேலே ஓக் மரங்கள் இலைவிரித்து நிழல் மூடுவதற்கு முன் கிடைக்கும் சில வார வெளிச்சத்தில் இலைவிட்டு, பூத்து, கிழங்கில் உணவைச் சேர்த்து முடிக்க வேண்டிய அவசரம் அதற்கு. மர இலைகள் முந்தினால் அந்தச் சில வாரமும் சுருங்கும்.

ஆப்பிள் மரத்தின் இழப்பு பணத்தில் அளக்கக்கூடியது. மூடிய மொட்டு கடும் குளிரைத் தாங்கும். விரிந்த பூ தாங்காது. முழுதும் மலர்ந்த நிலையில் வெப்பநிலை சுமார் மைனஸ் 2 டிகிரிக்கு அரை மணி நேரம் இறங்கினால் பத்தில் ஒரு பூ கருகும். மைனஸ் 4 டிகிரியை நெருங்கினால் பத்தில் ஒன்பது போய்விடும். மார்ச் வெயிலில் ஏமாந்து முந்திப் பூத்த மரத்தை ஏப்ரல் இறுதியின் தெளிந்த இரவு ஒன்று கருக்கிவிடும். மேகமில்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்குப் போய்விடுகிறது. கனமான குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குகிறது. 2017 ஏப்ரலில் ஐரோப்பா முழுவதும் பழத்தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும் பட்ட சேதம் இவ்வாறு நேர்ந்ததே. ஆக, வெப்பம் கூடும் உலகில் உறைபனிச் சேதம் குறையும் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஒரு தாய்ப்பறவையின் முப்பத்து நான்கு நாட்கள்

பூவையும் பறவையையும் இணைக்கும் கண்ணி பச்சைப் புழு. இதைத் தெளிவாகக் காட்டும் பறவை புளூ டிட். நம் மலைப்பகுதிகளில் காணப்படும் பட்டாணிக் குருவியின் உறவினம். நீலத் தொப்பியும் மஞ்சள் வயிறும் கொண்டது. எடை சுமார் 11 கிராம்.

குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது பெரும்பாலும் ஓக் இலைகளைத் தின்னும் புழுக்களை, அவற்றிலும் குறிப்பாகக் குளிர்கால அந்துப்பூச்சியின் புழுவை. இறக்கையற்ற பெண் அந்துப்பூச்சி நவம்பர், டிசம்பரில் மரத்தண்டில் ஏறி முட்டையிடும். ஓக் தளிர்விடும் சமயத்தில் முட்டை பொரிய வேண்டும். முந்திப் பொரிந்தால் தின்ன இலை இல்லை. பிந்தினால் இலை முற்றி டேனின் என்னும் துவர்ப்புப் பொருள் ஏறிவிடும். இலையும் புழுவும் வெப்பக் கணக்குப்படி நடப்பதால் ஓரளவு சேர்ந்தே நகர்கின்றன. புழுக்கள் மிகுந்திருப்பது இரண்டு மூன்று வாரம் மட்டுமே. பின்னர் அவை மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றன.

இப்போது தாய்ப்பறவையின் கணக்கைப் பார்ப்போம்.

1. நாளுக்கு ஒரு முட்டை வீதம் பத்து முட்டைக்குப் பத்து நாள். ஒரு முட்டை சுமார் ஒரு கிராம். ஆகவே பத்து நாளில் தன் எடைக்கு ஏறத்தாழச் சமமான முட்டைகளை அது ஈன்றுவிடுகிறது.
2. அடைகாக்கப் பதினான்கு நாள்.
3. குஞ்சுகளின் பசி உச்சத்தை அடைவது பொரித்த பத்தாம் நாளை ஒட்டி. அப்போது ஒவ்வொரு குஞ்சுக்கும் நாளொன்றுக்கு நூறு புழு வரை வேண்டும். பத்துக் குஞ்சுக்கு ஆயிரம்.

மொத்தம் 34 நாள். அதாவது, புழுக்கள் உச்சத்தில் இருக்கப்போகும் நாளை முப்பத்து நான்கு நாட்களுக்கு முன்பே, ஓக் மொட்டு பெரும்பாலும் மூடிக் கிடக்கும்போதே, பறவை ஊகித்தாக வேண்டும். முட்டையிடத் தொடங்கிய பின் வெயில் திடீரெனக் கூடினால், முட்டை எண்ணிக்கையைக் குறைப்பது, கடைசி முட்டைக்கு முன்பே அடைகாக்கத் தொடங்குவது என்று சில நாட்களை மிச்சப்படுத்த அதனால் முடியும். அதற்கு மேல் முடியாது. முட்டைக்குள் கரு வளரும் வேகத்தை எந்தத் தாயும் கூட்ட இயலாது.

பறவைகள் தோற்றேவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. பகற்பொழுது அவற்றுக்கு ஏறத்தாழக் காலத்தைக் காட்டுகிறது. அதற்குள் சரியான நாளைத் தேர்ந்தெடுக்க அவை வெப்பத்தையும் கவனிக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வைத்தம் காட்டில் 1947 முதல் இடைவிடாமல் நடந்துவரும் ஆய்வில், பட்டாணிக் குருவிகள் சுமார் அரை நூற்றாண்டில் முட்டையிடும் நாளை ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டன. புழுவின் உச்சத்தை அவை நன்றாகவே பின்தொடர்ந்திருக்கின்றன. நெதர்லாந்தில் ஹோகே வெலூவ காட்டில் அதே இனப் பறவைகள் அவ்வளவு வேகமாக நகரவில்லை. ஒரே இனம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொள்வதால், ஓர் ஊரின் முடிவைக் கொண்டு எல்லா ஊருக்கும் ஆறுதலோ அச்சமோ சொல்வது சரியன்று.

தொலைவிலிருந்து வருபவை

உள்ளூர்ப் பறவைக்கு அன்றாட வெப்பம் தெரியும். வலசைப் பறவைக்கு அதுவும் இல்லை. பிரிட்டனில் கூடு கட்டும் தகைவிலான் குளிர்காலத்தைத் தென்னாப்பிரிக்காவில் கழித்துவிட்டு, சகாராவைக் கடந்து, ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் பறந்து ஏப்ரலில் கிராமத்துத் தொழுவத்தின் உத்தரத்துக்குத் திரும்புகிறது. (நம் ஊர் மின்கம்பிகளில் பனிக்காலத்தில் வரிசையாக அமரும் தகைவிலான்கள் ஆசியாவின் வடபகுதியிலிருந்து வருபவை, இனம் ஒன்று, பாதை வேறு.) டன்னக் போன்ற வேலிப் பறவைகளின் கூட்டில் திருட்டு முட்டையிடும் குக்கூ, காங்கோ படுகை மழைக்காடுகளிலிருந்து வருகிறது என்பது 2011 முதல் செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணித்ததில் தெரியவந்தது. காங்கோ காட்டில் இருக்கும் பறவைக்கு இங்கிலாந்தில் மார்ச் மாதம் வெயில் அடித்த செய்தி எட்ட வழியே இல்லை. அது புறப்பட நம்புவது உடலுக்குள் இருக்கும் ஆண்டுச் சுழற்சியையும், பகற்பொழுதையும், தான் இருக்கும் இடத்து மழையையும் உணவையுமே.

இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்கு நெதர்லாந்தின் பைட் ஃபிளைகேச்சர் சான்று. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓக் காடுகளுக்கு வரும் கறுப்பு வெள்ளைச் சிறு பறவை அது. 2006இல் வெளியான ஆய்வின்படி, புழுவின் உச்சம் மிகவும் முந்திவிட்ட காடுகளில் இரு பத்தாண்டுகளில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது. உச்சம் பிந்தி வரும் காடுகளில் சரிவு சிறிதே. எல்லா வலசைப் பறவைகளின் வீழ்ச்சிக்கும் நாள் பிசகுதலே காரணம் என்று சொல்ல முடியாது. ஆப்பிரிக்க வாழிட இழப்பும், சகாரா விளிம்பின் வறட்சியும், ஐரோப்பாவில் பூச்சிகள் குறைந்ததும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

எவ்வளவு முந்தியிருக்கிறது?

இதைச் சொல்ல முடிவதற்குக் காரணம், கிராமத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் பொறுமையாக எழுதிவைத்த குறிப்புகள். நார்ஃபோக் பகுதியின் ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் கிராமத்தில் ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார் 1736இல் தொடங்கி, ஸ்னோடிராப் பூத்த நாள், குக்கூ முதலில் கூவிய நாள், தகைவிலான் வந்த நாள், தவளை கத்திய நாள் என 27 அடையாளங்களைக் குறித்துவைத்தார். அவர் இறந்த பின்னும் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். இப்படிப் பலரும் எழுதிச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2022இல் தொகுத்துப் பார்த்தபோது, 406 தாவர இனங்கள் சராசரியாக 1986 வரையிலான காலத்தைவிட அதன் பிந்தைய காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதம் முந்திப் பூப்பது தெரிந்தது. மரங்களைவிடச் சிறு பூண்டுகளே அதிகம் முந்தியிருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. 'முதல் பூ' என்பது பார்ப்பவர் எண்ணிக்கையைச் சார்ந்த அளவு. பத்துப் பேர் தேடிய ஊரில் நூறு பேர் தேடினால், எதுவும் மாறாமலேயே முதல் பூவின் தேதி முந்திவிடும். ஆகவே ஒரே இடத்தில், ஒரே முறையில், நீண்ட காலம் எடுத்த குறிப்புக்கு மதிப்பு அதிகம். மார்ஷம் குடும்பத்தின் பதிவு இன்றும் போற்றப்படுவது அதனால்தான்.

தோட்டக்காரர் கையில் உள்ளவை

ஒரு தோட்டத்தால் காலநிலையைத் திருத்த முடியாது. ஆனால் புழு கிடைக்கும் நாட்களை நீட்டிக்க முடியும், அது சிறிய செயல் அன்று. தோட்டங்களில் கூடு கட்டும் புளூ டிட், காட்டில் கட்டுவதைவிடக் குறைந்த முட்டையிடுகிறது. பிழைக்கும் குஞ்சுகளும் குறைவு. காரணம் எளிது: அழகுக்காக நடப்படும் வெளிநாட்டுச் செடிகளில் புழு மிகக் குறைவு. ஓக் வைக்க இடமில்லாத இடத்தில் ஹாதோர்ன், பிர்ச், ஆப்பிள் என வெவ்வேறு வாரங்களில் தளிர்க்கும் மரங்களைக் கலந்து வைத்தால், ஓர் உச்சம் தவறிய பறவைக்கு அடுத்தது கிடைக்கும். ரோஜாவில் புழு கண்டவுடன் மருந்து அடிப்பவர், அதே தோட்டத்தில் கூட்டுப்பெட்டி மாட்டியிருந்தால், வீட்டைக் கொடுத்துச் சோற்றைப் பறிக்கிறார் என்றே பொருள்.

கூட்டுப்பெட்டியின் துளை 25 மில்லிமீட்டர் என்றால் புளூ டிட் நுழையும். 28 என்றால் பட்டாணிக் குருவியும், 32 என்றால் வீட்டுச் சிட்டுக்குருவியும் நுழையும். உச்சிவெயில் படாதபடி வடக்குக்கும் கிழக்குக்கும் இடைப்பட்ட திசை நோக்கி மாட்ட வேண்டும். வெப்ப வசந்தங்களில் இது முன்னைவிட அவசியமாகியிருக்கிறது. உயிர்வேலியை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெட்டாமல் விட வேண்டும். பயன்பாட்டில் உள்ள கூட்டை வேண்டுமென்றே சிதைப்பது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அங்கே குற்றம். தீனித் தட்டை வாரந்தோறும் கழுவ வேண்டும். 2005இல் தொடங்கிப் பரவிய டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியால் வரும் தொண்டை நோய், அழுக்கான தட்டுகள் வழியாகவும் பரவியதால், ஒருகாலத்தில் எல்லாத் தோட்டங்களிலும் இருந்த கிரீன்ஃபிஞ்ச் என்னும் பறவை 2021இல், மிகுந்த கவலைக்குரிய பறவைகளைக் குறிக்கும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வேலி வெட்டும் வழக்கத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் எஞ்சியிருக்கிறது. மார்ச் முதல் என்பது பழைய வசந்தத்துக்கு வகுத்த எல்லை. இதமான குளிர்காலத்துக்குப் பின் பிளாக்பேர்டு போன்ற பறவைகள் பிப்ரவரியிலேயே கூடு கட்டத் தொடங்கும் ஆண்டுகள் உண்டு. அதனால் பிப்ரவரியில் கத்தரியை எடுப்பவர், முதலில் வேலிக்குள் கையால் கிளையை விலக்கிப் பார்ப்பது நல்லது.